எண் போடாத சட்டை

சால்ட்பெக்,
ஏப்ரல் 22

அன்பு மகள் ஹெதருக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்த ஊர் வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் முழங்கால் வலியைக் குறை சொல்லிக்கொண்டும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டும் நன்றாகவே இருக்கிறோம். கடல்காற்று இன்னும் அடங்கவில்லை, துணி காயப்போட்டால் பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கிறது. இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். உன் டெரிக் மாமா பனியில் சைக்கிள் சறுக்கி விழுந்து செத்தான் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேனே, அது பொய். முதலிலேயே சொல்லிவிட்டேன், மீதியைப் பொறுமையாகப் படி.

நம் ரக்பி லீக் கழகத்தின் சரித்திரத்தை அப்பா நாற்பது வருஷமாக எழுதிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். சரித்திரம் என்று பெரிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, சுரங்கத் தொழிலாளிகள் ஆரம்பித்தார்கள், நூற்றிருபது வருஷத்தில் ஒரே ஒரு கோப்பை, அதுவும் எதிரணி வந்த பஸ் வழியில் நின்றுபோனதால். ஒரு தடவை கூடம் தீப்பிடித்தது, மூன்று தடவை இழுத்து மூடப் பார்த்தார்கள், நிலக்கரிக் குவியலை ஒட்டியிருந்த பழைய மைதானத்தை சூப்பர் மார்க்கெட்டுக்கு விற்றுவிட்டு இப்போது பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் புல்லில் ஆடுகிறோம். இந்த சீசனில் இருபது ஆட்டம், இருபதும் தோல்வி. கூரை போடுகிறவனும் கசாப்புக் கடைக்காரனும் வாரமெல்லாம் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து இருநூறு பேர் முன்னால் அடிவாங்கிவிட்டுப் போகிறார்கள். கழகத்தை மூடினாலும் மூடிவிடுவார்கள், அதற்குள் இதுவரை ஆடிய அத்தனை பேரும் முதல் ஆட்டத்தின் வரிசைப்படி எண்ணோடு பலகையில் ஏற வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். எல்லா எண்ணுக்கும் ஆள் கிடைத்தது, 409-க்கு மட்டும் கிடைக்கவில்லை. 1973 பிப்ரவரியில் ஒரே ஓர் ஆட்டம் ஆடியவன், பெயர் 'வேறொருவர்'. பதினைந்து பேர் ஆடும் ரக்பிக்காரன் நம் பதின்மூன்று பேர் ஆட்டத்தில் கால் வைத்தது தெரிந்தால் அந்தக் காலத்தில் ஆயுளுக்கும் தடை, அதனால் சோதனைக்கு ஆட வருகிறவன் பெயரை ஆட்டக்காரர் பட்டியலில் அப்படித்தான் அச்சடிப்பார்கள்.

போன அக்டோபரில் லெஸ்லி டைசன் என்று ஒரு கிழவர் அப்பாவுக்கு எழுதினார், அந்த வேறொருவர் நான்தான், பனி கொட்டிய பிப்ரவரி, ஒரே ஆட்டம், வலது ஓரத்தில் ஆடினேன் என்று. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்துக்கு நடுவில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் 409 என்று எழுதிச் சட்டம் போட்ட பத்திரத்தை அவர் மடியில் வைத்தார்கள். நானும் கைதட்டினேன் ஹெதர். அந்தப் பெயர் யாருடையது என்று தெரிந்த ஒரே ஆள் நான், நானே கைதட்டினேன்.

மறுநாள் திங்கட்கிழமை, நான் துவைத்துக் கொடுக்க வேண்டிய கழகத்து அழுக்குச் சட்டைப் பை வழக்கம்போல் வந்தது. மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்துப் பதினேழு சட்டைகளோடு எண் போடாத ஒன்றும் எப்போதும் போகும், யாருக்காவது ரத்தம் பட்டால் மாற்றிக்கொள்ள. அன்றைக்கு யாருக்கும் ரத்தம் வரவில்லை, அதை யாரும் போடவில்லை, ஆனால் அது சேறாக வந்தது. பிளாஸ்டிக் புல்லில் சேறு ஏது, கறுப்பு ரப்பர்த் தூள்தான் ஒட்டும். இது ஈரச் சேறு, கரித்தூள் கலந்த சேறு. பையைத் தூக்கி வருகிற கிரெய்க்கைப் பிடித்து ஏசினேன். "ஆன்ட்டி, சத்தியமா யாரும் தொடல, நீங்க மடிச்சு வச்ச மாதிரியே அடியில கிடந்துச்சு, எங்களுக்கு ஜெயிக்கவே நேரமில்ல, இதுல வெளையாட்டு வேறயா" என்றான். அடுத்த வாரமும் சேறு, அதற்கடுத்த வாரமும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அனுப்பாமல், நெருப்பே மூட்டாத முன்னறை இழுப்பறையில் மேசை விரிப்புகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். காலையில் திறந்தால் விரிப்புகளில் ஒரு பொட்டு அழுக்கில்லை, சட்டை மட்டும் சேற்றில் ஊறிக் கிடந்தது. தொட்டேன், உடம்பிலிருந்து அப்போதுதான் கழற்றியது போலச் சூடாக இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சேற்றை எனக்குத் தெரியும், ஒரு தடவை துவைத்திருக்கிறேன். உன் தாத்தா பதினைந்து பேர் கழகத்துக்குத் தலைவர், லீக் ஆடுகிறவர்களைக் கூலிக்காரக் கூட்டம் என்பார். டெரிக்குக்குப் பதினெட்டு வயசு, என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு அந்தச் சோதனை ஆட்டத்துக்குப் போனான். சாயங்காலம் பின்வாசல் வழியாக வந்தான், காதுக்குப் பின்னால் முட்டை அளவு வீக்கம், முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுன்னு சொல்லிட்டாங்க! யாராவது கேட்டா சைக்கிள்ல விழுந்துட்டேன்னு சொல்லிடு, அப்பா காதுக்குப் போச்சுன்னா தோலை உரிச்சிடுவாரு" என்றான். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். அவன் காலுறையையும் கால்சட்டையையும் யாருக்கும் தெரியாமல் துவைத்தேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தான், அந்தப் பாத்திரத்தையும் யாருக்கும் தெரியாமல் கொட்டினேன். டாக்டரைக் கூப்பிடவா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் டீ கொண்டு போனபோது சில்லிட்டிருந்தான். டாக்டர் கேட்டார், சைக்கிள் என்றேன். தாத்தா அந்த சைக்கிளைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பலகைக்குப் பெயர் எழுத ஆள் வரப்போகிறான் என்று மார்ச்சில் அப்பா சொன்ன காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். பிறகு, "நாப்பது வருஷமா ஊரெல்லாம் ஒரு பேரைத் தேடுறேன், அதை வச்சுக்கிட்டு என் பக்கத்துலயே உக்காந்திருந்தியா மேவிஸ்" என்றார். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சட்டையைக் கொண்டுவந்து காட்டினேன். எதையும் நம்பாத மனுஷன், முகர்ந்து பார்த்தார். "பழைய மைதானம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனவர் திரும்பி வர நேரமாயிற்று.

லெஸ்லி வீட்டுக்குப் போனோம். மூக்கில் குழாய், சுவரில் அந்தப் பத்திரம், அவர் வாழ்க்கையில் வேறு பரிசு கிடையாது போலிருக்கிறது. அப்பாதான் பேச்சை ஆரம்பித்தார். கிழவர் பொய் சொல்லவில்லை ஹெதர். அவரும் 'வேறொருவர்'தான், அவர் ஆடியது பனியால் பாதியில் நின்றுபோன ஆட்டம், அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மறுவாரமும் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், சட்டையை வேறு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னைப் பார்த்து, "அந்தப் பையனா உன் தம்பி? ஓரமா நின்னு முழுசாப் பாத்தேம்மா. பந்து கையில வந்துச்சுன்னா யாராலயும் புடிக்க முடியல. ஒரு அடி, பயங்கரமான அடி, விழுந்தான், எழுந்திருக்க மாட்டான்னு நெனச்சேன், சிரிச்சுக்கிட்டே எழுந்தான். நான் அவனை வெறுத்தேன், இவ்வளவு நல்லா ஆடுறான், இனி நம்மளக் கூப்பிட மாட்டாங்கன்னு" என்று சொல்லிவிட்டு அழுதார். அவன் ஆடியதை ஐம்பது வருஷத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை, நான் யாரிடமும் கேட்க முடிந்ததுமில்லை. "எறக்கு அதை" என்று சுவரைக் காட்டினார் கிழவர். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை.

போன வாரம் கடைசி ஆட்டம், இடைவேளையில் அப்பா ஒலிபெருக்கியில் படித்தார், 409, டெரிக் ஃபெரன் என்று. லெஸ்லி தன் கையாலேயே பத்திரத்தை என்னிடம் கொடுத்தார். அப்புறம் 52-10 தோற்றோம், அதில் மாற்றமில்லை. இன்னும் ஒரு வருஷம் இழுத்துப் பார்க்கலாம் என்று கமிட்டி சொல்லியிருக்கிறது. திங்கட்கிழமை பை வந்தது, எண் போடாத சட்டை நான் மடித்தபடியே அடியில் இருந்தது. முகத்தைப் புதைத்துப் பார்த்தேன், வெறும் சோப்பு வாசனை. பயந்து செத்துக்கொண்டிருந்தவள் நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே, மத்தியானம் வரை அழுதேன். ஒரே ஒரு வாரம் இன்னும் சேறாக வந்திருக்கலாம் என்று இருக்கிறது, இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

உனக்கு ஏழு வயசில் சிவப்பு சைக்கிள் வேண்டும் என்று அடம்பிடித்தாய். தாத்தா எழுந்து வெளியே போய்விட்டார், நான் உன் கையில் அடித்தேன், உன் மாமா எப்படிச் செத்தான் தெரியுமா என்று கேட்டேன். நீ அப்புறம் கேட்கவே இல்லை. உன் பிள்ளைகள் கடற்கரையில் சைக்கிளில் போக, நீ பின்னால் நடந்து போவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி, எல்லோரும் நெடுநாள் நன்றாக இருங்கள். நீ ஒரு சைக்கிள் வாங்கு, நாற்பத்து மூன்று ஒன்றும் வயசில்லை, சின்னவளைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கற்றுக்கொள். விழுந்தால், வலிக்கவில்லை என்றாலும், யாரிடமாவது சொல்லிவிடு.

உன் அம்மா,
மேவிஸ்