இல்லாத காருக்குப் பார்க்கிங்

மார்ச் 2, ஞாயிறு

கார் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டவளுக்கு இது தேவையா? வீட்டுக்காரர் உடனே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். காரின் விலை வெறும் முதல் வரிதானாம். அதற்குக் கீழே பதினோரு வரி — இன்சூரன்ஸ், பெட்ரோல், பார்க்கிங், டயர், சர்வீஸ்... காரைக் கழுவுகிற சோப்பைக்கூட விடவில்லை மனுஷன்.

கடைசியில் தீர்ப்பு: மே முடியும்வரை கார் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, ஆகிற செலவையெல்லாம் தனிக் கணக்கில் போட வேண்டும். தாக்குப்பிடித்தால் கார். இல்லையென்றால் பேச்சே கிடையாது.

எனக்கு இது விளையாட்டு இல்லை. ஆஸ்பத்திரி லேப்பில் அதிகாலை ஷிஃப்டின் பொறுப்பு காலியாகிறது. ஐந்து மணிக்கு நான் போய்த் திறக்க வேண்டும். முதல் பஸ்ஸே ஆறுக்குத்தான். பெரிய டாக்டர் மே கடைசிவரை டைம் கொடுத்திருக்கிறார். நான் பரிசோதித்து, இன்னொருவர் கையெழுத்துப் போடுவது ஒன்பது வருஷமாக நடக்கிறது. போதும்.

மார்ச் 9

ரிப்பேர் சொல்லிக்கொண்டா வரும் என்று இருபது சீட்டு எழுதி டப்பாவில் போட்டிருக்கிறார். பாதி வெற்றுச் சீட்டு, பாதியில் ஒவ்வொரு ரிப்பேர். ஞாயிறுதோறும் ஒன்று எடுக்க வேண்டும். இன்று எனக்கு பங்சர்.

மார்ச் 15

வாத்தியார் தன் தங்கை வீட்டுக்கு பஸ்ஸில் போய் வந்தார். காரில் போனதாகத்தானே அர்த்தம்? பெட்ரோலுக்குக் கேட்டேன், கொடுத்தார். பார்க்கிங்குக்கும் கேட்டேன்.

"பஸ்ல போனதுக்கு எதுக்குடி பார்க்கிங்?"

"அப்ப காரை நடுரோட்லயா விட்டுட்டு வந்தீங்க?"

முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைத்தார்.

மார்ச் 22

நாத்தனார் போன். கார் வாங்கியதைச் சொல்லவே இல்லையே என்று ஒரே குறை. அண்ணன் பார்க்கிங் செலவைப் பற்றி அவளிடம் புலம்பினாராம்! அவள் வீட்டில் செய்து விற்கிற கேக் டெலிவரிக்கு மத்தியானத்தில் காரைக் கொஞ்சம் கொடுங்களேன் என்றாள். சர்வீஸுக்கு விட்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். என்ன செய்ய?

ஏப்ரல் 6

கிளட்ச். ஃப்ரிட்ஜுக்கென்று எடுத்து வைத்திருந்தது அப்படியே போச்சு.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்குன்னு வரும்போது மட்டும் ஏன் எல்லாத்துக்கும் கணக்கு? ஒரு தடவையாவது "சரி, வாங்கிக்கோ"ன்னு இந்த மனுஷன் வாயில வராதா?

ஏப்ரல் 8

அவர் பள்ளிக்குப் போனதும் டப்பாவைத் திறந்தேன். எதற்கு? திருடத்தான். பெரிய ரிப்பேர்களை மட்டும் தூக்கிவிடலாம் என்று.

ஐந்து வாரத்துக்கு ஐந்து போக, பதினைந்து இருக்க வேண்டும். பன்னிரண்டுதான் இருந்தது. 'என்ஜின்' இல்லை. 'கியர்பாக்ஸ்' இல்லை. 'விபத்து' இல்லை. மூன்றையும் அவர் எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அடப்பாவி! பரீட்சையில் பிட் அடிக்கிற பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடிக்கிறவர் செய்கிற வேலையா இது!

கேட்டேனா? ஊஹூம். பன்னிரண்டையும் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அவர் கையெழுத்திலேயே பன்னிரண்டு 'என்ஜின்' எழுதிப் போட்டு மூடினேன்.

ஏப்ரல் 13

இந்த வாரம் நீங்களே எடுங்க என்றேன். பிரித்தார். முகத்தைப் பார்க்க வேண்டுமே! இந்தச் சீட்டு டப்பாவில் இல்லையே என்று எப்படிச் சொல்வார்? சந்தேகமாக இருந்தால் இன்னொன்று எடுங்களேன் என்றேன். அதுவும் என்ஜின். மூன்றாவதும் என்ஜின்.

அசடு வழிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு நீ அழுதது கேட்டுச்சு. தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சியா?"

அதுவரை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாக இவரை எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

ஆனாலும் பழைய சீட்டுகளோடு அந்த மூன்றையும் திரும்பப் போட வைத்தேன். நிஜக் கார் என் அழுகைக்கெல்லாம் இரக்கப்படாது.

மே 18

கியர்பாக்ஸ். நானேதான் எடுத்தேன். தனிக் கணக்கில் போட வேண்டியதில் பாதிதான் தேறியது. கார் கிடையாது.

மே 20

முடியாது என்று சொல்ல டாக்டர் அறை வாசல்வரை போனேன். கதவைத் தட்டக் கை வரவில்லை, திரும்பிவிட்டேன்.

பாதி தேறியதே! எனக்கு வேண்டியதும் பாதி நாள்தானே? ஒரு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் கார் சும்மாதானே நிற்கும்?

நாத்தனாருக்குப் போன் போட்டேன். முதலில், அப்படி ஒரு காரே இருந்ததில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. மானம் போயிற்று. அவள் சொன்னாள்: "பாதிய நான் போடறேன் அண்ணி. ஆனா சர்வீஸ்ல இருக்குன்னு மட்டும் இனிமே சொல்லக் கூடாது."

மே 30

பாதிப் பாதி என்றதும் வாத்தியாரின் கணக்கும் ஒத்துக்கொண்டது. எட்டு வயதுக் கார். வெள்ளை என்று சொல்லிக்கொள்ளலாம். டாக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது லேப்பை நானே திறந்தேன். பொறுப்பாளர் கையெழுத்து என்ற இடத்தில் என் கையெழுத்து. அவ்வளவு சந்தோஷம்.

ஏழு மணிக்கு வாத்தியார் போன். பெட்ரோல் எவ்வளவு குடித்தது என்று கேட்பார் என்று பார்த்தால், "எங்கயும் இடிக்கலயே?" என்றார்.

இல்லையே என்றேன்.

ஆஸ்பத்திரி கேட்தான். காரின் இடது பக்கம், ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். இரண்டு மணிக்கு நாத்தனார் சாவி வாங்க வருவாள். அதற்குள் அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட வேண்டும். ஒட்டி நிறுத்தத்தான் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.