ரீச்சருக்குச் சிப்பிப் பெட்டி

இஞ்சாருங்கோ,

அக்காவுக்குப் பிள்ளைப்பேற்று நோக்காடு தொடங்கிட்டுதாம். நீங்கள் தோட்டத்தாலை வருமட்டும் நிக்க ஏலாது, முதல் பஸ்ஸிலை ஊர்காவற்றுறைக்குப் போறன். சுகந்தியைப் பக்கத்து வீட்டிலை செல்லாச்சியக்காவோடை விட்டிருக்கிறன். வீடு திறக்கத் திறப்பும் அவவிட்டைத்தான். பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய் விடுங்கோ.

மேசையிலை இருக்கிற சவுக்காரப் பெட்டி, அவள் மீனலோசனி ரீச்சருக்கெண்டு சிப்பி ஒட்டிச் செய்தது. ரீச்சர் இண்டையோடை மாற்றலாகிப் போறா, மறந்துபோகாதேங்கோ. சரிச்சும் பிடிக்காதேங்கோ, பசை இன்னும் காயேல்லை.

ராத்திரி மீன்கறி நாறுதெண்டு சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பினியள் எல்லோ? கறியிலை ஒரு பிழையுமில்லை. விடிய மணந்து பாத்தன். நாறினது பக்கத்திலை காயவைச்ச இந்தப் பெட்டி! மூடி நடுவிலை ஒட்டின பெரிய சங்குக்குள்ளை பூச்சி செத்து அழுகிக் கிடந்தது. சாட்டிக் கடற்கரையிலை அவள் பொறுக்கினதெல்லாம் வெறுங்கோது. அந்தச் சங்கு மட்டும் நீங்கள் இடுப்பளவு தண்ணியிலை இறங்கிப் பெருமையாய் எடுத்துக் குடுத்தது.

அதை முருங்கைக்குக் கீழை கிடங்கு கிண்டித் தாட்டுப்போட்டன். கறி சுடவைச்சு உறியிலை இருக்குது. சாப்பிட்டுப்போட்டுப் போங்கோ.

சறோ

சங்கு எங்கையெண்டு கேட்டாள் எண்டால், திரும்பக் கடலுக்குப் போயிட்டுதெண்டு சொல்லுங்கோ.

இன்னொண்டு. நடுவிடம் வெறுமையாய்க் கிடந்தால் பிள்ளை அழுவாள். அதாலை உங்கட வெள்ளைச் சேட்டின்ரை கழுத்திலை பூட்டுற தெறியை வெட்டி அதிலை ஒட்டிவிட்டன். அதுவும் சிப்பியிலை செய்ததுதானே. ரீச்சரோடை கதைக்கேக்கை கழுத்தைக் கையாலை பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.