கறை படியாத இடம்

பவானிபூர், கொல்கத்தா
ஞாயிறு

அன்புள்ள மஹிமா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் கேட்டால் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பி நழுவிவிடுவாய், அதனால்தான் இந்த மின்னஞ்சல். உன் சிங்கப்பூர் ஆய்வகத்து ஜன்னலில் கடல் தெரிகிறதாமே. இங்கே நம் ஆய்வகத்தில் எனக்கு நீ விட்டுப்போன அதே உலைதான் தெரிகிறது. தலைக்குக் குளித்தாலும் கந்தக வாடை போவதில்லை.

உன் ஆய்வுக் கட்டுரையில் உள்ளபடியேதான் மாதக்கணக்காகச் செய்கிறேன். அதே வெப்பம், அதே ஆர்கான் வாயு. உனக்கு ஒற்றை மூலக்கூறு தடிமனில் முக்கோணப் படிகங்கள் வளர்ந்தன. நான் வாயுவை வேகமாக விட்டால் ஆவியையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது, படிகம் வளர வேண்டிய தகட்டில் ஒன்றுமில்லை. மெதுவாக விட்டால் கரித்தூள் போலக் குவிகிறது. கேட்டபோதெல்லாம் 'ஃப்ளோவைக் கவனி' என்று மட்டும் எழுதினாய்.

விஸ்வகர்மா பூஜையன்று உலைக்கு மாலை போடாமல் விட்டேனாம், அதுதான் அதற்குக் கோபமாம். பூர்ணிமா தீதி, ஒரு சந்தேஷ் இனிப்பாவது வைத்துப் பாருங்கள் என்கிறான் ஜூனியர் சந்தீப். மஹிமாவுக்குக் கைராசி, உனக்குப் புத்தகம் படிக்கத்தான் லாயக்கு என்கிறார் நம் கைடு சார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் படிகம் வராவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொள்ள வேண்டுமாம். மூன்று வருட உழைப்பு, மஹிமா.

வியாழனன்று, நீ உலைக்குள் வைத்துச் சோதனை ஓட்டிய பழைய குவார்ட்ஸ் குழாயைக் கழுவ எடுத்தேன். உள்ளே முழுக்கப் பழுப்புக் கறை. தகடு இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் மட்டும் பிறை வடிவில் துப்புரவாக இருந்தது. அங்கே ஏதோ நின்றிருக்கிறது. உன் இழுப்பறையில் கிடந்த உடைந்த குவார்ட்ஸ் துண்டை வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

நேற்று அதைத் தடுப்பாக நிறுத்தி ஓட்டினேன். வாயு அதில் மோதி வேகம் அடங்கி, தகட்டின் மேல் சாவகாசமாகப் போயிருக்க வேண்டும். முக்கோணங்கள் வந்தன. உன்னுடையவற்றைவிடப் பெரியவை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எரிச்சலில் கண் கலங்கியது.

கட்டுரைப் படத்தில் அந்தத் துண்டு இல்லை. உடைசலை வைத்தேன் என்று எழுத வெட்கமா, வேறு யாருக்கும் வந்துவிடக் கூடாது என்றா? லேக் மார்க்கெட்டில் ஒரே தட்டில் தோசை தின்றபடி எதையெல்லாமோ சொன்னாயே.

என்ன மாற்றினாய் என்று சார் கேட்பார். பொய் சொல்ல எனக்கு வராது. நான் சொன்னால் அது உன்மேல் புகார், நீ சொன்னால் வெறும் திருத்தம். வெள்ளிக்கு முன் அவருக்கு ஒரு வரி எழுதிவிடு.

துண்டைத் துடைத்து உன் இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இன்னமும் உன் தோழி,
பூர்ணிமா