இனியாவுக்குப் பள்ளி தேடியபோது

மாமா,

இன்று காலை உங்கள் ஸ்கூட்டரின் முன்னால் இருந்த குழந்தை சீட்டைக் கழற்றிவிட்டோம். இனியாவின் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கத் தொடங்கிப் பல நாளாகிறது. உப்புக்காற்றில் ஸ்குரூ எல்லாம் துருப்பிடித்துப்போய், மெக்கானிக் எண்ணெய் விட்டு வெகுநேரம் போராடினார். சீட்டு கையோடு வந்தபோது எனக்கு உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

அதை நீங்கள் வாங்கி மாட்டுவதற்கு முன்னால் நம் வீட்டில் எவ்வளவு மனத்தாங்கல்! இனியாவுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. பிந்தித்தான் நடந்தாள். நான்கைந்து வார்த்தைதான் பேசுவாள். கூப்பிட்டால் திரும்புவாள், சொன்னால் புரிந்துகொள்வாள். எல்லாம் கொஞ்சம் தாமதித்து. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், "வளர்ச்சியில லேசான தாமதம்தான், பயப்படாதீங்க. ஆனா எந்த ஸ்கூல்ல சேக்கறதுன்னு நல்லா யோசிச்சு செய்யுங்க" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் நீங்கள் பேப்பரை மடித்துக் கீழே போட்டீர்கள்.

"இவ அப்பனே மூணு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல. புள்ளைக்கு என்னா கொறச்சல்னு டாக்டர்கிட்ட ஓடற?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உங்கள் அண்ணன் வீட்டுப் பேரப்பிள்ளைகள் டையும் ஷூவுமாகப் போகிற அந்தப் பெரிய பள்ளியில்தான் இனியாவும் படிக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. நீங்களும் கூட வந்தீர்கள். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த டீச்சர் ஒரு வண்ண அட்டையைக் காட்டி, "வாட் கலர்?" என்றார். இனியா அட்டையைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த அட்டை வந்துவிட்டது. அப்புறம் இன்னொன்று. அவள் மெல்ல நழுவி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். "அடுத்த வருஷம் பாக்கலாமே" என்று டீச்சர் தன்மையாகத்தான் சொன்னார். வாசலில் நீங்கள் குனிந்து அவள் ஷூ லேசைக் கட்டிவிட்டீர்கள், என் பக்கம் திரும்பவே இல்லை. என்மேல்தான் கோபம் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த வாரம், உங்களிடம் சொல்லாமல், சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு மையத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். நல்ல இடம்தான். பயிற்சி கொடுக்கிற பெண் இனியாவோடு கொஞ்ச நேரம் விளையாடிப் பார்த்துவிட்டு, "இவ பேசற பசங்களுக்கு நடுவுல இருக்கணும், மேடம். வேற ஸ்கூல்ல சேத்துட்டு, சாயந்தரம் பயிற்சிக்கு மட்டும் இங்க கூட்டிட்டு வாங்க" என்றாள். நல்ல செய்திதான் அது. ஆனால் திரும்பும்போது பஸ்ஸில், என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு எந்தக் கதவும் திறக்காது என்றுதான் தோன்றியது.

குருசுக்குப்பம் பக்கத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் நர்சரியைப் பற்றி அந்தப் பெண்தான் சொன்னாள். நீங்கள் எங்களை வாசலில் இறக்கிவிட்டு, "வீட்டுல நடத்தறதெல்லாம் ஒரு ஸ்கூலா?" என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

உள்ளே இருந்த டீச்சர் நிறத்தையும் எழுத்தையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணி வேணும்னா எப்படிக் கேப்பா?" என்றார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. டம்ளரை எடுத்துவந்து என் கையில் வைப்பாள் என்றேன். "சரி, அப்ப இங்கயும் டம்ளரை எட்டற எடத்துல வச்சிடறேன்" என்றார்.

வெயில் ஏறியதால் நீங்கள் வண்டியை விட்டு இறங்கி ஜன்னல் ஓரமாக வந்து நின்றிருக்கிறீர்கள். நான் கவனிக்கவில்லை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். பந்து இனியாவிடம் வந்தது. மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். "உருட்டுடா செல்லம்" என்று சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். ஒரு பையன் பந்தைப் பிடுங்க எழுந்தான். பக்கத்தில் இருந்த சிறுமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "இருடா, அவ போடுவா" என்றாள். இனியா பந்தை உருட்டினாள், அந்தச் சிறுமியைப் பார்த்தே.

திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டினீர்கள்.

"இங்கயே சேத்துடும்மா."

"நீங்கதானே மாமா இதெல்லாம் ஒரு ஸ்கூலான்னு..."

"அன்னைக்கு அந்தப் பெரிய ஸ்கூல்ல அந்தம்மா கேள்வி கேட்டுது, பதிலுக்கு நிக்கவே இல்ல. இங்க நண்டும் சிண்டுமா இருக்குதுங்க, நிக்குதுங்களே!"

மறுநாளே ஸ்கூட்டருக்கு அந்தச் சீட்டு வந்தது. தினமும் காலையில் அவளைக் கொண்டுபோய் விடுவது உங்கள் வேலை, வேறு யாருக்கும் விட்டுத் தரமாட்டீர்கள். வீராம்பட்டினம் தேருக்குப் போனபோது உங்கள் தங்கை, "உன் பேரு என்னா கண்ணு?" என்று அவளைக் கேட்டுவிட்டு, உடனே உங்கள் பக்கம் திரும்பி, "இன்னும் பேச்சு வரலியாண்ணே?" என்றார். எப்போதும் அவளுக்குப் பதிலாகப் பேரைச் சொல்லிவிடும் நீங்கள் அன்றைக்கு, "கேட்டுட்ட இல்ல? இரு. சொல்லுவா" என்றீர்கள். மேளம் ஒருபக்கம், கூட்டம் ஒருபக்கம். நாங்கள் எல்லாரும் நின்றோம். "இனா" என்றாள். உங்கள் முகத்தைப் பார்த்தவர்கள் அவள் ஏதோ பரிசு வாங்கிவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

போன மழைக்காலத்தில் நீங்கள் எங்களை விட்டுப் போனபோது இனியா அழவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. "புள்ளைக்கு ஒண்ணும் புரியல" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நானும் பாதி அப்படித்தான் நம்பினேன்.

இப்போது அவளுக்கு ஒன்றாம் வகுப்பு. மறுபடியும் பள்ளி தேடினோம், இந்தமுறை நீங்கள் இல்லாமல். எங்கே போனாலும் நான் கட்டடத்தைப் பார்க்கவில்லை. வகுப்பு வாசலில் கொஞ்ச நேரம் நின்று, ஒரு பிள்ளை தடுமாறும்போது மற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். போன வாரம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை இனியாவிடம் குனிந்து, "யாரு கூட வந்தீங்க?" என்று கேட்டார். உங்கள் மகன் பதில் சொல்லப் போனார். அவர் கையை அழுத்தினேன். அந்த அம்மாவும் அவசரப்படவில்லை.

"அம்மா," என்றாள் இனியா. கொஞ்சம் கழித்து, "அப்பா."

முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா வரல," என்றாள். "தாத்தா இனிமே வரமாட்டாரு."

அங்கேயே சேர்த்துவிட்டோம், மாமா.