முன்னூத்தி நாலு

கோவில்பதாகை, ஆவடி

அன்புள்ள அம்மாவுக்கு நிர்மல் வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? போனில் பேசினால் உனக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

புதுக் கம்பெனியில் சேர, என்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். ஆன்லைனில் விண்ணப்பித்தேன். போட்டோ, ஆதார் எல்லாம் ஏற்றியதோடு முடிந்தது என்று நினைத்தேன். நேற்று ஏட்டையா வீட்டுக்கே வந்துவிட்டார். பயப்படாதே, விசாரிக்கத்தான்.

அக்கம்பக்கத்தில் யாராவது என்னைத் தெரியும் என்று சொல்ல வேண்டுமாம். எதிர் வீட்டு அம்மா, "யாரோ ஒரு பையன் கீறான் சார், பேரெல்லாம் தெரியாது" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மேல்வீட்டிலும் அதே பதில்தான்.

"இன்னாப்பா, மூணு வருசமா இங்க கீற, ஒருத்தருக்கும் உன்னத் தெரியலயே?" என்று ஏட்டையா சிரித்தார். நானும் சிரித்தேன்.

கடைசியில் வாட்ச்மேன்தான் ஓடிவந்தார். "நம்ம முன்னூத்தி நாலு சார், தங்கமான புள்ள" என்று என் வீட்டு எண்ணைச் சொன்னார். என் பெயர் என்ன என்று ஏட்டையா கேட்டதும் அவரும் தலையைச் சொறிந்தார். அதுவே போதும் என்று ஏட்டையா எழுதிக்கொண்டு போனார். சான்றிதழ் வந்துவிடும்.

அவர் போன பிறகு வெகுநேரம் கதவைத் திறந்தே வைத்திருந்தேன், காற்று வரட்டும் என்று.

இனி முறுக்கு அனுப்பினால் இரண்டு டப்பாவாக அனுப்பு அம்மா. ஒன்றை எதிர் வீட்டில் கொடுக்க வேண்டும். மூடியில் என் பெயரை நீயே பெரிதாக எழுதிவிடு.

பழைய கம்பெனி பஸ் வரும் நேரம், கிளம்புகிறேன்.

உன் மகன்,
நிர்மல்