ஏவால்ட்ஸ் விட்டுப்போன தகர டப்பா

நவம்பர் 3
காலையிலிருந்தே கடல் இரைகிறது. காற்று இப்படி அடித்தால் எங்கள் லியபாயா ஊர்க் கரையில் அம்பர் கல் ஒதுங்கும், தேன் நிறத்தில் இறுகிப்போன பழங்கால மரப்பிசின். என் வீட்டுக்காரர் ஏவால்ட்ஸ் கால்செருப்பை மாற்றி ரப்பர் பூட்ஸைத் தேடுகிறார். டிராம் ஓட்டியது போதும் என்று ஓய்வு பெற்ற மனுஷன் வீட்டில் இருக்க வேண்டாமா? அயர்லாந்தில் மகள் லாஸ்மாவுக்கு ஜனவரியில் குழந்தை. பெண்ணாம். பல் முளைக்கும்போது போடும் அம்பர் மாலைக்கு மணியெல்லாம் நான் தேய்த்தாயிற்று. நடு மணி மட்டும் தாத்தா கையால் எடுத்ததாக இருக்க வேண்டுமாம். பிடிவாதம்.

நவம்பர் 4
மத்தியானம் நனைந்துபோய் வந்தார். கரைக்குக் கொண்டுபோகும் தகர டப்பாவைத் திறந்து காட்டினார். ஒரே ஒரு கல். கட்டைவிரல் நகம் அளவு, சுண்ணாம்புத் தண்ணீர் போலக் கலங்கல்.

"இதைப் பொறுக்கவா இவ்வளவு நேரம்? கண்ணாடி போட்டுக்கிட்டுப் போயிருக்கலாம்ல. சும்மா குடுத்தாக்கூட எந்தக் கடைக்காரனும் வாங்க மாட்டான்" என்றேன்.

"என் பேத்திக்குக் கடைக்காரனா மாலை போடப் போறான்?" என்று சிரித்தார். ஆனால் மீனைத் தொடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

நவம்பர் 5
இன்றும் போயிருக்கிறார். டப்பாவை மேசையில் டொக்கென்று வைத்து, "உன் கண்ணுக்குப் பிடிச்ச கல்லா கொண்டாறேன். அதுவரைக்கும் இந்தக் குப்பையை நீயே வச்சுக்க, மகாராணி!" கோபமாம். டப்பா இல்லாமல் போகாதீங்க என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. போகட்டும்.

நவம்பர் 6
ஆஸ்பத்திரி.

போர்க்காலக் குண்டுகளின் பாஸ்பரஸ் இன்னும் கடலடியில் கிடக்கிறது. ஈரத்தில் பார்த்தால் அசல் அம்பர்தான். காய்ந்து, உடம்புச் சூடு பட்டால் தீப்பிடிக்கும். அதனால்தான் டப்பா. கரையில் எடுத்ததைச் சட்டைப்பையில் போடக் கூடாது என்று இந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியாதா?

கால்சட்டைப் பையில் போட்டிருக்கிறார். திரும்பும் வழியில், டிராமுக்குள் பற்றிக்கொண்டது. அணைக்க அணைக்க மறுபடி எரிந்ததாம். தொடை, இரண்டு கை.

"தேன் மாதிரி இருந்துச்சுடி. இந்தத் தடவை நீ திட்ட மாட்டேன்னு நெனச்சேன்."

என் வாய். என் பாழாய்ப்போன வாய்.

நவம்பர் 9
காய்ச்சல் இறங்கவில்லை. என்னை லாஸ்மா என்று கூப்பிடுகிறார்.

நவம்பர் 14
விடிகாலையில் ஏவால்ட்ஸ் போய்விட்டார்.

டிசம்பர் 2
இன்றுதான் டப்பாவைத் திறந்தேன். தேய்க்க உட்கார்ந்தேன். அம்பர் கையிலிருந்தால் சூடு ஏறும், அது அதன் குணம். முப்பது வருஷமாக அப்படித்தான் அசலா போலியா என்று பார்க்கிறேன். இன்று உள்ளங்கையில் லேசாகச் சூடு தெரிந்ததும் பதறிக் கீழே போட்டுவிட்டேன். ஐயோ, எவ்வளவு நேரம் பையில் அந்தச் சூட்டை நல்ல கல்லின் சூடு என்று நினைத்துக்கொண்டிருந்தாரோ!

மேசைக்கடியில் தவழ்ந்து தேடி எடுத்தேன். அழுதேன். பிறகு துளை போட்டேன்.

ஜூலை 20
லாஸ்மா குழந்தையோடு வந்திருக்கிறாள். கீழ்ஈறில் ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. மாலையைப் பிடித்துப் பார்த்தாள்.

"எல்லாம் பளபளன்னு இருக்கே, நடுவுல மட்டும் ஏம்மா இப்படிக் கலங்கலா?"

"உங்க அப்பா எடுத்தது."

அந்த மணியை விரலால் தடவினாள். "நல்ல கல்லாம்மா?"

"இதைவிட நல்ல கல்லு என் கைக்கு வந்ததில்லடி" என்றேன்.

நவம்பர் நாலாம் தேதி சொல்லியிருக்க வேண்டியது.