மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம்

இங்கிலாந்து,
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு, மகேஷ் எழுதுவது.

நீயும் அப்பாவும் சுகம்தானே? போனில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கோம், சாப்பிட்டியா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். தபாலில் போட்டால் உன் கைக்கு வந்து சேர்வதற்குள் இங்கே ஐந்து ஆட்டம் முடிந்திருக்கும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம். இந்த ஊர்க் கால்பந்தில் லீக் ஒரு பக்கம், கோப்பைகள் ஒரு பக்கம். கிறிஸ்துமஸுக்கு ஊரே லீவில் இருக்கும்போதுதான் இவர்களுக்கு வேலை அதிகம். 26, 29, 1, 4 என்று பத்து நாளில் நான்கு ஆட்டம். நம் ஊர் தீபாவளி சீசன் என்று வைத்துக்கொள். அணிக்குப் பிசியோவான நான் தினமும் காலையில் ஒவ்வொரு வீரனிடமும் தூக்கம் எப்படி, வலி எப்படி என்று கேட்டு, யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்று கோச்சுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஓவன் என்று ஒருவன், இருபத்து நான்கு வயது. போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்தது. ஆகஸ்டிலிருந்து ஓர் ஆட்டம்கூட விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறான். நேற்று சிகிச்சைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மற்றவர்கள் காதில் விழாமல், "இது என் கால் மாதிரியே இல்லை. 26ஆம் தேதி மட்டும் என்னை உட்கார வைக்கச் சொல்" என்றான். அவனே கோச்சிடம் கேட்டால் அணியில் இடம் போய்விடும் என்று பயம். குதிகாலுக்கு மேலே தொட்டுப் பார்த்தேன். தடித்துப்போய்ச் சூடாக இருந்தது.

ஆடக்கூடாது என்றுதான் எழுத வேண்டும். அப்படி எழுதுகிறவர்களைக் கோச்சுக்குப் பிடிக்காது. என் ஒப்பந்தமும் ஜூனில் முடிகிறது. நீ நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவள். நான் என்ன செய்யட்டும்?

உன் தம்பி,
மகேஷ்குமார்


நாரணாபுரம்,
17 டிசம்பர் 2024

அன்புத் தம்பி மகேஷுக்கு, அக்காவின் ஆசிகள்.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாய்தான் கட்டுக்குள் இல்லை. நம் பட்டாசுக் கம்பெனிக்கு அடுத்த வருஷத்துப் பூச்சட்டி ஆர்டர் இப்போதே வர ஆரம்பித்துவிட்டது. ஆபீசில் என் மேஜையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வாசல் பக்க வெயில் கண்ணைக் கூசுகிறது. வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவது என்ன பழக்கம் என்று அப்பா சத்தம் போடுகிறார். மூன்று மணிக்கு மேல் அங்கே இருக்கப் பிடிக்காமல் முடிந்தவரை சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அசதி என்றுதான் சொல்வார்கள். ஒருவரை விட்டால் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். மேலே இருப்பவர்களைப் பகைத்துக்கொள்ளாதே. வார்த்தையைக் கொஞ்சம் மாற்றி எழுதிக் கொடு. 26, 29 என்று இன்னும் ரெண்டு ஆட்டம்தானே, அப்புறம் அவன் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே.

அக்கா,
அருணாதேவி


இங்கிலாந்து,
28 டிசம்பர் 2024

அக்கா,

நீ சொன்னபடியே செய்தேன். "ஆடக்கூடாது" என்று இருந்ததை அழித்து "கவனம் தேவை" என்று எழுதினேன். கோச் படித்துவிட்டு என் தோளில் தட்டினார்.

26ஆம் தேதி ஆட்டம், எழுபதாவது நிமிடம். ஓவன் பக்கத்தில் யாரும் இல்லை, பந்தும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது, காய்ந்த விறகை முறித்ததுபோல. இருபதாயிரம் பேர் கத்துகிற இடத்தில் அது கேட்டிருக்காது என்கிறார்கள். எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவன் காலைப் பார்க்கவில்லை, அக்கா. என்னைப் பார்த்தான்.

குதிகால் தசைநார் முழுதாக அறுந்துவிட்டது. ஒன்பது மாதம் ஆகும். அதற்குப் பிறகு பழைய ஓட்டம் வருமா என்று யாருக்கும் தெரியாது.

இப்போது யாராவது பாட்டில் மூடியைத் திறந்தால்கூட உடம்பு தூக்கிப் போடுகிறது. நேற்று அவன் படுக்கிற கட்டிலில் துண்டை மடிக்கப் போனேன். அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கட்டில் சூடாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

விளையாட்டென்றால் இப்படித்தான், யார் தப்பும் இல்லை என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். நம் கம்பெனியில் கற்பகம் அக்கா வெடி விபத்தில் போனபோது நீயும் அதைத்தானே சொன்னாய்? உராய்வு, யார் தப்பும் இல்லை என்று. அதை எப்படித் தாங்கிக்கொண்டாய்? எனக்கும் சொல்.

மகேஷ்


நாரணாபுரம்,
31 டிசம்பர் 2024

மகேஷ்,

நான் தாங்கிக்கொள்ளவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

2022 செப்டம்பர். கற்பகவல்லி பதினெட்டு வருஷமாக நம்மிடம் வெடிமருந்து செலுத்தியவள். பூச்சட்டிக்குள் அவள் மருந்தைச் செலுத்தினால் ஒரு துளி சிந்தாது என்று அப்பாவே சொல்வார். அந்தச் சீசனில் ஐந்து வாரமாக ஞாயிறு லீவுகூட விடவில்லை. ஒருநாள் மூன்று மணிக்கு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். முழங்கை வரைக்கும் அலுமினியத் தூள்.

"தாயி, கை நடுங்குது. நாளைக்கு ஒரு நாள் விட்டுருங்க."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னும் ரெண்டு நாள்தானேக்கா, லோடு போயிரட்டும்" என்றேன். சரி என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். மறுநாள் பதினொன்றரை மணிக்கு அவள் வேலை பார்த்த அறையே இல்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் உராய்வு என்று சொன்னோம். அது பொய் இல்லை. கை ஏன் உராய்ந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தம்பி, அவள் வருகிறாள். பட்டப்பகலில், மூன்று மணிக்கு, அதே வாசலில். வெயில் கூசுகிறது என்று எழுதினேனே, அது வெயில் இல்லை. மேஜையைத் திருப்பிப் போட்டேன். இப்போது முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். திட்டுவதில்லை, அழுவதில்லை. இன்னும் பதில் வரவில்லை என்பதுபோல நிற்கிறாள்.

உன் முதல் கடிதத்தைப் படிக்கும்போதும் நின்றாள். அவளை முதுகில் வைத்துக்கொண்டுதான் "ரெண்டு ஆட்டம்தானே" என்று எழுதினேன். அனுப்பிய பிறகுதான் அது என்ன வார்த்தை என்று எனக்கே தெரிந்தது. உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஒன்பது நாள் இருந்தது. போடவில்லை. விட்டுவிடு, உட்கார வை என்று உனக்குச் சொன்னால் அன்றைக்கு நான் செய்தது தப்பென்று ஆகிவிடும். அதற்காகத்தான் போடவில்லை.

அருணாதேவி


இங்கிலாந்து,
6 ஜனவரி 2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆறு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். கோபத்தில் எழுதக்கூடாது என்று நினைத்தேன். கோபம் போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவள் கற்பகம் அக்கா. உனக்கும் தெரியும்.

ஆனால் அழித்து எழுதியது என் கை. அதை உன் தலையில் கட்ட முடியாது. நேற்று ஓவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே பேசினான். நீ உள்ளபடி எழுதியிருந்தால் என்னை உட்கார வைத்திருப்பார்களா என்று கேட்டான். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது. எனக்காக ஒருத்தர் சொன்னார் என்றாவது இருந்திருக்கும்" என்றான். பிறகு என்னைப் போகச் சொன்னான்.

இன்று காலை, நான் எழுதியது என்ன, அழித்தது என்ன என்று கிளப்புக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். வேலை இருக்காது.

நீ தங்கச்சாமி அண்ணனிடம் போ. அவர் பெண்டாட்டி உன்னிடம் கடைசியாக என்ன கேட்டாள் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை எனக்கு எழுதாதே, போனும் செய்யாதே.

மகேஷ்


நாரணாபுரம்,
13 ஜனவரி 2025

மகேஷுக்கு,

நேற்றுப் போனேன். தங்கச்சாமி அண்ணன் இப்போது சாத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும், "வாங்க தாயி, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அவள் கேட்டதை, நான் நிமிராததை, ரெண்டு நாள் என்றதை, ஒன்றும் விடாமல்.

ஏசுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்திருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"கேட்டாளா?" என்றார்.

கேட்டாள் என்றேன்.

"அவ வாயால கேட்டாளா தாயி? லீவு வேணும்னு?"

கேட்டாள், நான்தான் விடவில்லை என்றேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விபத்துக்கு முதல் நாள் காலையில் அவர்தான் சொல்லி அனுப்பினாராம், கை இப்படி நடுங்குது, இன்னைக்கு லீவு கேட்டுட்டு வா என்று. சாயங்காலம் வந்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு பேசாமல் கிளம்பியிருக்கிறாள்.

"கேக்காமலே போயிட்டான்னு நெனச்சேன். வீம்பு பிடிச்ச கழுதைன்னு ரெண்டு வருசமா அவமேல கோவமா இருந்தேன் தாயி. படத்துக்கு ஒரு பூ வச்சதில்ல."

அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். உள்ளே அவர் அவள் படத்தோடு பேசுகிற சத்தம் கேட்டது. என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. அது எனக்கான பேச்சு இல்லை. வாசலில் நின்றேன். என்னை உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சொல்லிவிட்டேன் என்று தெரிவிக்கத்தான் இதை எழுதினேன். பதில் எழுது என்று நான் கேட்கவில்லை.

அருணாதேவி